பொட்டலில் இரண்டு ராத்திரி: நாயோடு தங்கப் போகிறவர்களுக்கு

நாயைக் கூட்டிக்கொண்டு பொட்டலில் தங்கப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: “நாய்தான் இருக்குல்ல, அப்புறம் என்ன பயம்?” ஐந்து வருடத்துக்கு முன்னால் நானும் அந்த நினைப்பில்தான் கிளம்பினேன். மறுநாள் விடிந்தபோது நாய் கிணற்றுக்குள் நின்றது, நான் மேலே நின்று கத்திக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து என் கணக்கு வேறு. நாய் நம்மைக் காப்பது இருக்கட்டும், நாயை நாம் முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தால் போதும்.

எனக்குப் புதுவயலில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. அரிசி ஆலை ஊர் என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. வருடத்தில் இரண்டு முறை கடையைச் சாத்திவிட்டு, ஆம்னி வேனில் இரண்டு நாய்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒன்று வைரவன். சிப்பிப்பாறை இன வேட்டைநாய், 17 கிலோ. வைரவன்பட்டிக் கோயிலுக்குப் போய்வந்த மறுநாள் வந்த குட்டி என்பதால் வீட்டுக்காரி வைத்த பெயர். இன்னொன்று கருப்பி, கடை வாசலுக்குத் தானாக வந்து சேர்ந்த தெருநாய். வைரவனுக்கு ஓடத் தெரியும். கருப்பிக்கு உலகம் தெரியும்.

செட்டிநாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வீடும் சாப்பாடும்தான் ஞாபகம் வரும். ஊரைத் தாண்டினால் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. தேவகோட்டைப் பக்கம் போனாலும் திருமயம் பக்கம் போனாலும் செம்மண் மேடு, செம்பூரான் கல் சரளை, அங்கங்கே பனை, தைலமரக் காடு, சீமைக் கருவேலம். மழை பெய்தால் கண்மாய், பெய்யாவிட்டால் பொட்டல். மலை என்று பார்த்தால் மேற்கே தூரத்தில் பிரான்மலை. ராத்திரி வானம் முழுசாகத் தெரியும். அதற்காகத்தான் போகிறேன்.

போவதற்கு மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரைதான் சரியான காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாம்பும் பூரானும் மேட்டைத் தேடி வரும், நாமும் அந்த மேட்டில்தான் படுத்திருப்போம். பங்குனி பிறந்துவிட்டால் நாயைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்கும்வரை கை தாங்கவில்லை என்றால் பாதமும் தாங்காது. தை மாதத்திலேயே மத்தியானம் 12 மணிக்குச் சரளைக் கல் அப்படிச் சுடும்.

அந்தக் காலத்துக்குள்ளும் சில நாட்களைத் தள்ளிவிடுங்கள். தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு. அதை ஒட்டிச் சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களிலும் மாடு அவிழ்ப்பார்கள். தொழுவில் இருந்து விடும் மாடு மட்டுமில்லை, கட்டுமாடு என்று பொட்டலிலும் வயலிலும் நேரடியாக அவிழ்த்துவிடும் மாடுகள் உண்டு. அவை எந்தப் பக்கம் ஓடும் என்று மாட்டுக்காரருக்கே தெரியாது. அந்த நேரத்தில் கூடாரமும் குரைக்கும் நாயுமாக நடுவில் உட்கார்ந்திருக்கக் கூடாது. மாசியில் சிவராத்திரி நாளும் வேண்டாம். குலதெய்வம் கும்பிட வரும் கூட்டத்தில் காட்டுக்கோயில் எல்லாம் நிரம்பி வழியும்.

சரி, எங்கே தங்குவது? பொட்டலாகக் கிடந்தாலும் ஆள் இல்லாத இடம் என்று இங்கே ஒன்றும் கிடையாது. தரிசுக்கும் பட்டா இருக்கும், அந்தப் பட்டாக்காரர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார், சாவி ஒரு ஆச்சியிடம் இருக்கும். முதலில் அந்த ஆச்சியைத் தேடுங்கள். நான் வழக்கமாகத் தங்கும் தோப்புக்கு அப்படி ஓர் ஆச்சிதான் அனுமதி கொடுத்தார்கள். “வீட்டுல கட்டிலு இருக்கையில தரையில போயி ஏம்ப்பா படுக்குற?” என்று மட்டும் கேட்டார்கள். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்து, பக்கத்து ஊர் ஆள் ஒருவரிடமும் சொல்லி வைத்துவிடுங்கள். ராத்திரி வெளிச்சத்தைப் பார்த்து யாரோ என்று டார்ச்சோடு நாலு பேர் வருவதும் நாய் அவர்கள்மேல் பாய்வதும் நமக்குத் தேவையில்லாத வம்பு.

ஊருணிக் கரை பக்கம் நாயைக் கொண்டுபோகவே போகாதீர்கள். பல ஊர்களில் அது இன்றும் குடிக்கிற தண்ணீர். செருப்போடு இறங்கினாலே சத்தம் போடுவார்கள், நாய் இறங்கினால் சத்தத்தோடு விடமாட்டார்கள். அது நியாயமும்தான். அய்யனார் கோயில் புரவிகள் நிற்கும் கோயில்காடும் வேண்டாம். கண்மாய் உள்வாயில் மண் மெத்தென்று இருக்கும், ஆனால் பனி முழுக்க அங்கேதான் இறங்கும். தைலமரத்தடி நிழலாக இருக்கும், காய்ந்த இலையில் ஒரு பொறி போதும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பனைக்கு அடியில் கூடாரம் போட்டால் காற்றடிக்கும்போது காய்ந்த மட்டை எப்போது விழும் என்று மேலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேப்பமரம், புளிய மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மேடான வெட்டவெளி. அது போதும்.

திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டி நல்ல இடம் இருக்கிறதே என்று ஒரு நண்பர் சொன்னார். 1977இல் இருந்து சரணாலயம். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர்க்காரர்கள் அவர்கள். அங்கே குரைக்கும் நாயோடு போய் நிற்க என்ன முகம் வேண்டும்? நாயை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பாருங்கள்.

இடம் முடிவானதும் கூடாரத்தைப் பிரிக்கும் முன், நாயை வேனுக்குள்ளேயே வைத்துவிட்டு, சுற்றிலும் நூறு நூற்றைம்பது அடி தூரத்துக்கு நடந்து பாருங்கள். கிணறு இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த நடை.

நான் பம்ப்செட் வேலைக்குத் தினமும் கிணற்றைத் தேடிப் போகிற ஆள். எனக்கே அன்றைக்குத் தோன்றவில்லை. சுற்றுச்சுவர் இல்லாத பழைய கமலைக் கிணறு, விளிம்புவரை கருவேலம் மண்டி, மேலே புல் படர்ந்து, பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. விடியற்காலையில் ஒரு மயில் அகவியது. வைரவன் பிய்த்துக்கொண்டு ஓடினான். மயில் பறந்துவிட்டது, வைரவனைக் காணவில்லை. கருப்பி மட்டும் ஓர் இடத்தில் போய் நின்று தரையைப் பார்த்துக் குரைத்தாள். உள்ளே இருபதடி ஆழத்தில், இடுப்பளவு பச்சைத் தண்ணீரில், காதை மடித்துக்கொண்டு நின்றான். நான் இறங்கப் போனேன். சத்தம் கேட்டு வந்த வயல்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “அண்ணே, ஒங்களயும் சேத்து யாரு தூக்குறது?” என்றார். அவர் வீட்டுக் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து, நாலு காலிலும் கயிறு கட்டி, பழைய தண்ணீர்க் குழாயைப் பிடித்து அவர் இறங்க, கட்டிலை நாங்கள் மூன்று பேர் மேலிருந்து இறக்கினோம். வைரவனைத் தூக்கி அதில் உட்கார வைத்தார். கட்டில் ஆடாமல் அசையாமல் மேலே வந்தது, நடுவில் நாய், சப்பரத்தில் சாமி வருவது மாதிரி. அவர் ஊர் அய்யனாருக்கு அந்த வருடம் ஒரு குத்துவிளக்கு என் கணக்கில் போனது.

ஆகவே கட்டிப்போட வேண்டும். பகலில் கையில் கயிறு, ராத்திரி கட்டு. சுதந்திரமாக ஓடட்டும் என்றுதானே கூட்டிவந்தோம் என்பார்கள். வேலி அடைத்த தோப்புக்குள் ஓடட்டும். வெட்டவெளியில் வேண்டாம். கிணறு மட்டும் காரணமில்லை. மயிலையோ முயலையோ நாய் பிடித்துவிட்டால் 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நாயைக் கேட்காது, நம்மைத்தான் கேட்கும்.

எப்படிக் கட்டுவது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. முளையடித்து அதில் கட்டினால் அரை மணி நேரத்தில் நாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்து மூக்கு முட்ட நிற்கும். நான் செய்வது இது. மரத்துக்கும் வேன் கொக்கிக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டிவிடுவேன். அதில் ஓர் இரும்பு வளையத்தைக் கோத்து, வளையத்திலிருந்து நாயின் கயிறு தொங்கும். நாய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கலாம், படுக்கலாம். மேல் கயிற்றில் இரண்டு பக்கமும் நாலடி விட்டு ஒரு பெரிய முடிச்சுப் போட்டால் வளையம் அங்கேயே நின்றுவிடும், மரத்தைச் சுற்றாது. இரண்டு நாய் என்றால் இரண்டு தனிக் கயிறு. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை பெரிதில்லை என்பதால் சாதாரணக் கழுத்துப் பட்டையைப் பின்பக்கமாக இழுத்து உருவிக்கொண்டு போய்விடும். மார்போடு மாட்டும் வார்தான் அவற்றுக்குச் சரி.

கூடார முளை இந்தத் தரையில் இறங்காது. மேலே நாலு விரல் செம்மண், அடியில் கல். வேனில் ஒரு கடப்பாரை இருக்கட்டும். குழி போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடியுங்கள், இறங்கும்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே செய்ய வேண்டியவை சில. வெறிநோய் ஊசியும் ஆண்டுத் தடுப்பூசிகளும் தேதி தாண்டாமல் இருக்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், குட்டைத் தண்ணீரைக் குடிக்காத நாய் இன்னும் பிறக்கவில்லை. உண்ணி மாத்திரையும் அப்போதே. இன்னொன்று பாதம். எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரை. வைரவன் நாள் முழுக்க அந்தக் குளிர்ச்சியில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கிடப்பான். அந்தப் பாதத்தோடு நேராகச் சரளையில் இறக்கினால் ஒரே நாளில் தோல் உரிந்துவிடும். அதனால் இரண்டு வாரமாவது காலையில் மண் ரோட்டில் நடத்திப் பழக்குகிறேன். கருப்பிக்கு இதெல்லாம் தேவையில்லை.

தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50, 60 மில்லி என்பது வீட்டுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் வைரவனுக்கு ஒரு லிட்டர். வெளியில் இரண்டு லிட்டராக வைத்துக்கொள்வேன். இரண்டு நாய், இரண்டு நாள், என் குடி, என் சமையல் எல்லாம் சேர்த்து 20 லிட்டர் கேன் இரண்டு.

சாப்பாட்டில் நமக்குச் செய்வதை நாய்க்குப் போடாதீர்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் நம் பக்கத்தில் குழம்பே கிடையாது, இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உப்பு, மசாலா எதுவும் போடாமல் எலும்பில்லாத கோழியும் சோறும் தனிச் சட்டியில் வேக வைக்கிறேன். வெந்த கோழி எலும்பு குத்தூசி மாதிரி உடையும், அதை நாய் கண்ணில் படாமல் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். சாப்பாட்டை இருட்டும் முன்பே முடித்து, மிச்சத்தை வேனுக்குள் வைத்துவிட்டால் நரியும் வராது, ஊர் நாய்களும் வரா.

கருவேல முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், அது குத்தாமல் ஒரு பயணமும் எனக்கு முடிந்ததில்லை. நாய் திடீரென்று மூன்று காலில் நின்றால் முள். உடனே உட்காருங்கள். ஒருவர் தலையை மடியில் அணைத்துக்கொள்ள வேண்டும். நல்ல நாயும் வலியில் கடிக்கும், ஒரு துண்டால் வாயைத் தளர்வாகச் சுற்றிக்கொள்வதில் தப்பில்லை, மூச்சிரைக்கும்போது மட்டும் கட்டாதீர்கள். தலையில் மாட்டும் டார்ச் இருந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும். முதலில் பாதத்தைத் தண்ணீரால் கழுவுங்கள், செம்மண் போனால்தான் ஓட்டை தெரியும். முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நல்ல காலம். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, குத்திய அதே சாய்வில் ஒரே இழுப்பு. ஆட்டி ஆட்டி இழுத்தால் நுனி உள்ளே ஒடியும். எடுத்த முள்ளை உள்ளங்கையில் வைத்து நுனி கூராக இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டையாக இருந்தால் மிச்சம் உள்ளே இருக்கிறது. தோண்டாதீர்கள். உப்புப் போட்ட வெந்நீர் கைபொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம், அப்புறம் மருந்து, ஒரு பழைய சாக்ஸ், காலையில் டாக்டர். வீக்கமோ நொண்டலோ குறையவில்லை என்றால் தள்ளிப்போடக் கூடாது. வலிக்கிறதே என்று நம் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாயைக் கொல்லக் கூடியவை.

போன மாசியில் ஒரு ராத்திரி கிடைக்குப் பக்கத்தில் தங்கினேன். அறுப்பு முடிந்த வயலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. எட்டு மணிக்கு மேல் மூன்று நாய்கள் சத்தமே இல்லாமல் வந்து வட்டம் கட்டி நின்றன. கருப்பி உடனே தரையோடு படுத்துவிட்டாள். வைரவன் எதிர்த்துக் குரைத்தான். ஒரு விசில் சத்தம். மூன்றும் திரும்பிப் போயின. பின்னாலேயே அந்த ஆடுகளை மேய்க்கும் கீதாரி வந்தார், தோளில் கம்பளி.

“தம்பி, ஒங்க நாயக் கட்டித்தான போட்ருக்கீங்க?”

“கட்டியிருக்கேன் அய்யா.”

“அப்பச் சரி. எங்க நாய்க்கு ஆட்டத் தெரியும். ஒங்க நாய்க்கு ஆட்டத் தெரியாது, ஆட்டுக்கும் ஒங்க நாயத் தெரியாது. ஒண்ணு மெரண்டா நானூறும் மெரளும்.”

நாங்கள் பத்து மணிவரை பேசிக்கொண்டிருந்தோம். வருடத்தில் பாதி நாள் நாயோடு வெட்டவெளியில் படுப்பவர். எனக்குத் தெரிந்த மிச்ச விஷயமெல்லாம் அவர் சொன்னது. இளம் நாய் எதையாவது விரட்டிப் பழகினால் அதன் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடுவாராம், ஓடினால் முட்டியில் தட்டும். படுக்கும் இடத்தைச் சாயங்காலமே கூட்டி, சருகு ஒன்றும் இல்லாமல் வைக்கச் சொன்னார், சருகு இருந்தால் தேள் இருக்கும். வைரவனைத் தடவிப் பார்த்துவிட்டு, “தோலுதான் இருக்கு, பனி தாங்காது” என்று ஒரு கோணிச் சாக்கைக் கேட்டு வாங்கினார். கத்தியால் தலைக்கு ஒன்று, முன்னங்காலுக்கு இரண்டு என்று ஓட்டை போட்டு மாட்டிவிட்டார். மறுநாள் விடியும்போது சாக்கின் மேலெல்லாம் பனி, உள்ளே நாய் சூடாக இருந்தது. இப்போது அதுதான் வைரவனின் சட்டை. கிடை இருப்பது முன்பே தெரிந்தால் ஒரு கிலோமீட்டராவது தள்ளிப் போய்விடுங்கள். தெரியாமல் தங்கிவிட்டால் நீங்களே போய்க் கீதாரியிடம் சொல்லுங்கள்.

பாம்பு. இங்கே நான்கும் உண்டு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். சரளைப் பூமியில் சுருட்டை கல்லோடு கல்லாகக் கிடக்கும். கட்டுவிரியன் ராத்திரி நடமாடுவது, கடித்தது தெரியாமலே போகலாம். நாய் தள்ளாடினால், பின்னங்கால் இழுத்தால், கண் இமை தொங்கினால், மூஞ்சி திடீரென்று வீங்கினால் பாம்பு என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கத்தியால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, பச்சிலை தேடுவது எல்லாம் நேரத்தைத் தின்னும். நாயை நடக்கவிடாமல் தூக்கி வேனில் படுக்க வையுங்கள். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். அது எந்தக் கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது, ராத்திரி யார் கதவைத் திறப்பார்கள் என்பதைக் கிளம்பும் முன்பே போன் செய்து கேட்டு வைத்திருக்க வேண்டும். அரசு கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962, அதையும் பதிந்து வையுங்கள், ஆனால் நடுராத்திரிக்கு அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வாயில் நுரை தள்ளி, தலையை உதறி, மற்றபடி நன்றாக இருந்தால் பெரும்பாலும் தேரையைக் கவ்வியிருக்கும். வாயைப் பக்கவாட்டில் சாய்த்துத் தண்ணீரால் கழுவிவிடுங்கள், நுரை நிற்கவில்லை என்றால் டாக்டரிடம்.

வெயில் தாக்கினாலும் கிட்டத்தட்ட இதே அவசரம்தான். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கோந்து மாதிரி ஆகி, நடை தடுமாறும். நாயின் சாதாரணச் சூடே 101, 102 டிகிரி, 104ஐத் தாண்டினால் ஆபத்து. நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அடிவயிறும் தொடை இடுக்கும் நன்றாக நனையட்டும். ஈரத் துணியை மேலே போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே நிற்கும். ஊற்றிக்கொண்டே வண்டியை எடுங்கள்.

கிளம்பும் காலையில் நான் முதலில் செய்வது, முளை பிடுங்கிய குழியை மிதித்து மூடுவது. அந்தக் குழியில் ஆட்டுக்கால் மாட்டும். அப்புறம் நாய்ப் பீயை அள்ளிப் புதைப்பது, மேயும் நிலம் அது. அடுப்புச் சாம்பலில் கை வைத்துப் பார்ப்பது. பிறகு ஒவ்வொரு நாயாக மடியில் போட்டு உண்ணி பார்ப்பது, காது மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடி, விரல் இடுக்கு, வாலடி. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீர் உள்ள டப்பாவில் போட வேண்டும், நகத்தால் நசுக்கக் கூடாது. அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் நாய் சோர்ந்து, சாப்பாட்டை ஒதுக்கி, மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகித்து ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நாயைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் வண்டியைப் பாருங்கள். போன முறை இரண்டு நாயிலும் ஓர் உண்ணிகூட இல்லை என்று சந்தோஷப்பட்டேன். ஏழும் மிதியடிக்கு அடியில் இருந்தன.